கீழ் மூலையில் ஒரு வெள்ளை

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை.

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் சுகம் விசாரித்துவிட்டு மற்றதை எழுது என்று உம்மா குசினி அடுப்படியில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறா. சரி. உம்மா சுகம். மாமியும் சுகம், முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, நீங்கள் அனுப்பிய எண்ணெயைப் பூசிக்கொண்டு படுத்திருக்கிறா. பின்பக்கத்து ஓடு இரண்டு உடைந்து மழைக்கு ஒழுகுகிறது, ஆள் பிடித்திருக்கிறேன். நான் சுகமில்லை. காய்ச்சலோ தடிமனோ ஒன்றுமில்லை, கோபம். செவ்வாய்க்கிழமையில் இருந்து உம்மாவோடுகூட எரிந்து விழுகிறேன். அப்படி ஒரு கோபம்.

பெண்சாதி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போன் எடுத்தால் டியூட்டியில் நிற்கிறேன் என்று வெட்டிவிடுகிறீர்கள். வட்சப்பில் குரல் பதிந்து அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக நீங்களே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். நான் அழுதிருந்தாலும் உங்களுக்குக் கோழி கொக்கரித்த மாதிரித்தான் கேட்டிருக்கும். கடதாசியை வேகமாக ஓடவிட ஏலாது. உங்களோடு ஒரே அறையில் இருந்த ஜெமீல் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார், கருவாட்டுப் பார்சலோடு இதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டை அவிழ்க்க முதல் இதை வாசியுங்கள்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் போனில் கதைத்ததை நானே உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறேன், சொன்னது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சந்தோஷம் தாங்காமல் கதைத்தீர்கள். நான் கீறிய படங்களை எல்லாம் போட்டு, ஏஐ மொடல் ஒன்றை என் பாணியில் கீறப் பழக்கிவிட்டதாகச் சொன்னீர்கள். இருட்டு பிக்சல் படம் வேண்டும் என்று யார் கேட்டாலும், நான் ஒரு கிழமை, ஏழு நாளும் குந்தியிருந்து கீறுவதை அது கண் மூடித் திறக்க முதல் போட்டுக் கொடுக்கிறதாம். இணையத்தில் ஏற்றிவிட்டீர்களாம், சனம் விழுந்து விழுந்து எடுக்கிறதாம். ஜேர்மனியில் கேம் செய்கிற கம்பனி ஒன்று அதைக் கேட்டிருக்கிறதாம். அது சரிவந்தால் கட்டாரை விட்டுவிட்டு வீட்டோடு வந்து இருந்து வேலை செய்யலாமாம். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு சின்னப் பிரச்சினை என்றீர்கள்.

"எல்லாப் படத்திலயும் கீழ் மூலையில ஒரு வெள்ளை வருது ஹுஸ்னி. கம்பனிக்காரன் அது வேணாம் எண்டுறான். அது என்ன எண்டு பாத்து, உன்ட ஃபைல்லயே அழிச்சுத் தா."

லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு நீங்கள் வைத்துவிட்டீர்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது.

கேட்காமல் எடுத்தீர்களே, முதலில் அதைச் சொல்கிறேன். என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியாததல்ல. என்னைக் கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து பார்த்திருக்கிறீர்கள். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் நானே நிறம் வைத்துக் கீறுகிறவள் நான். எந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் எந்த நீலத்தை வைத்தால் துறைமுகத் தண்ணீர் இராவில் அசைகிற மாதிரித் தெரியும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் போனது. கம்பனிகளுக்காகக் கீறிய பாரந்தூக்கி, வள்ளம், பாலம் எல்லாவற்றையும் எடுத்திருந்தால் ஒரு சண்டை பிடித்துவிட்டு ஆறியிருப்பேன். கொம்பியூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டித் தந்ததும் நீங்கள், படங்கள் தொலையாமல் இருக்க வேறிடத்தில் சேமிக்க ஒழுங்கு செய்ததும் நீங்கள், அதனால் பாஸ்வேர்ட் என்ற திறப்பு உங்களிடமும் இருக்கிறது. அலுமாரித் திறப்பும் உங்களிடம் இருக்கிறதுதான். அதற்காக உள்ளே இருக்கிற என் உடுப்பை எடுத்துச் சந்தியில் தொங்கவிடுவீர்களா?

வேலைப் படங்களோடு நிற்காமல், 'வீடு' என்று பேர் போட்டு நான் வேறாக வைத்திருந்த பதினொரு படங்களையும் எடுத்துச் சேர்த்திருக்கிறீர்கள். அவற்றை நான் யாருக்கும் விற்றதில்லை, யாருக்கும் காட்டியதுமில்லை. உங்களுக்கு மட்டும் ஒருமுறை வீடியோக் கோலில் காட்டினேன். நெட்வேர்க் சரியில்லை, பிறகு பார்க்கிறேன் என்றீர்கள். பிறகு பார்த்திருக்கிறீர்கள், இதற்குத்தான்.

புதன்கிழமை பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஜெஸ்மின் வீட்டில் இருந்து நீங்கள் ஏற்றி வைத்த பக்கத்தைப் பார்த்தேன். ஜெஸ்மினை ஞாபகம் இருக்கும், என்னோடு சேர்ந்து கம்பனிகளுக்குப் படம் கீறுகிறவள். அந்தப் பக்கத்தில் யார் யாரோ எடுத்துப் போட்ட படங்கள். ஒருவன் விண்வெளிக் கப்பல் கேட்டிருக்கிறான், கப்பலுக்குக் கீழே மூலையில் அந்த வெள்ளை. ஒருத்தி பனிமலை கேட்டிருக்கிறாள், பனிக்குள்ளும் அது வேறாகத் தெரிகிறது. ஒருவன் மீன் சந்தை கேட்டிருக்கிறான், கூடைகளுக்கு நடுவில் கிடக்கிறது. குட்டிப் பேய் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எவனோ அதைத் தனியாக வெட்டி எடுத்துச் சிவப்புக் கண் இரண்டு வைத்து ஸ்டிக்கர் ஆக்கியிருக்கிறான், அதற்குக் கீழே சிரிப்பு மட்டும் வரிசை வரிசையாக. ஜெஸ்மினும் சிரித்தாள். அவள்மேல் பிழை இல்லை, அவளுக்கு யார் சொன்னது? என் முகத்தைக் கண்டதும் கொம்பியூட்டரை மூடிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

நான் முகம் கீறுவதில்லை, கண் வைப்பதில்லை. உருவம் கீறினாலும் கண் வைக்காதே என்று உம்மா ஒருநாள் சொன்னதற்காக, என் படங்களில் எல்லோரையும் முகம் தெரியாமல் இருட்டுக்குள் நிறுத்திப் பழகியவள் நான். அந்த வெள்ளைக்குள் இருக்கிறவளுக்கு, யாரென்றே தெரியாத ஒருவன் கண் வைத்துவிட்டான்.

அது என்னவென்று பார்க்கச் சொன்னீர்களே. பார்த்துச் சொல்கிறேன், கேளுங்கள்.

கரண்டும் இல்லாமல் பெற்றோலும் இல்லாமல் நாடே இருட்டிக் கிடந்த வருஷம். நீங்கள் கட்டாருக்குப் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, லீவு தர மாட்டோம் என்றுவிட்டார்கள். வயிற்றில் இருந்த நம் பிள்ளையின் இதயத்தில் ஓட்டை என்று டொக்டர்மார் பிறக்க முதலே சொல்லித்தான் இருந்தார்கள், அவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். மூன்று நாள் இருந்தாள். மூன்றாம் நாள் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஊரில் இறந்தவர்களைக் குளிப்பாட்டுகிற ஆமினா உம்மா வந்து குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் கபன் செய்து என் மடியில் ஒருதரம் வைத்தா. அந்தக் கிழவியின் உள்ளங்கை இரண்டுக்குள்ளும் அடங்கினாள். பொழுதுபட்டு மஃரிப் தொழுகை முடிந்து ஆம்பிளைகள் வந்தார்கள், கரண்ட் இல்லை, ஒருவர் கையில் அரிக்கன் லாம்பு, ஒருவர் கையில் மண்வெட்டி. உங்களுக்கு மூத்த காக்கா அவளைக் கையில் ஏந்திக்கொண்டார். அடக்குகிற மையவாடிக்குப் பொம்பிளைகள் போவதில்லை. அதுவும் நான் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நம் ஜன்னலில் இருந்து பார்த்தால் ரோட்டு கீழ் மூலையில்தான் திரும்பும். லாம்பு வெளிச்சத்தில் அந்த வெள்ளை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் காணவில்லை. யாரும் எனக்குச் சொல்லவுமில்லை. அதனால் கீறினேன். ரோட்டை, கரையோரத்தை, வேப்பமரத்தை, மணலை, குழியை. பதினொரு படத்திலும் அவளை அந்த மூலையில்தான் வைத்தேன், எனக்குத் தெரிந்த இடம் அதுதான். இருட்டு நன்றாக வந்திருக்கிறது என்று சனம் புகழ்கிறதாமே, அந்த இருட்டு அங்கிருந்துதான் வந்தது.

பேரை நான்தான் வைப்பேன், ஏழாம் நாள் முடியிறக்கும்போது போனில் சொல்வேன், அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தீர்கள். ஏழாம் நாள் இல்லை என்றாகிவிட்டது, ஆனாலும் பேரில்லாமல் அடக்குவது சரியில்லை, பேர் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று மௌலவி சொல்ல, உம்மா உங்களுக்குப் போன் எடுத்துக் கேட்டா. "பேர் எதுக்கு இனி," என்றீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தது, நான் கேட்டேன். அன்றையில் இருந்து இன்றுவரை அவளைப்பற்றி ஒரு சொல் உங்கள் வாயில் இருந்து வரவில்லை. கதை எடுத்தால் போன் வெட்டுப்படும்.

சரி, அது வெள்ளைப் புள்ளி என்றுதான் நீங்கள் உண்மையாகவே நினைத்தீர்களோ, இருட்டில் தெரியவில்லையோ என்று உங்களுக்காக நானே எனக்குள் வாதாடிப் பார்த்தேன். திருத்தித் தருகிறேன், பழக்கப் பாவித்த போல்டரை அப்படியே அனுப்புங்கள் என்று மெசேஜ் போட்டேன். உடனே அனுப்பினீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில், அந்தப் படத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தீர்கள். மெஷின் படிக்க அது வேண்டுமாம், ஜெஸ்மின் விளங்கப்படுத்தினாள். படகு என்று எழுதிக் கொடுத்தால் படகைத் தனியாகப் பிரித்து அறிந்துகொள்ளும், கேட்டால் போடும், கேட்காவிட்டால் விடும். எழுதாமல் எதை விட்டோமோ, அதைக் கீறுகிறவரின் பாணி என்று எடுத்துக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் சேர்த்துப் போடுமாம்.

நீங்கள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். நான்கு ஆண்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அரிக்கன் லாம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மரம், மணல், வேலி, பிறை, தூரத்தில் பாலம், எல்லாம் இருக்கிறது. மண்வெட்டிகூட இருக்கிறது மச்சான், மண்வெட்டியைக் கண்டிருக்கிறீர்கள். முன்னால் நடக்கிற மனிசன், உங்கள் கூடப்பிறந்த காக்கா, கையை ஏந்திக்கொண்டு நடக்கிறார், கையில் என்ன என்று ஒரு படத்திலும் எழுதவில்லை.

அதுவும் போகட்டும் என்று வைப்போம். கடைசிப் படத்தில் மனிசரும் இல்லை, மரமும் இல்லை, லாம்பும் இல்லை. ஒரு பாயும், அதன்மேல் அவளும் மட்டும்தான். அதற்கு எதை எழுதித் தப்பியிருக்கிறீர்கள் என்று திறந்து பார்த்தேன். 'இரவு' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு சொல். பாயைக்கூட எழுதவில்லை. பாய் என்று எழுதினால் பாயில் என்ன என்று எழுத வேண்டி வந்துவிடும், அதுதானே? அப்போதுதான் எனக்கு விளங்கியது, உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் என்னிடம், அது என்ன என்று பார்த்து அழித்துத் தா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களால் அழிக்க ஏலாதாம், அதனால் பெற்றவள் கையாலேயே அழிக்க வேண்டுமாம். இதைக் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்தப் பதினொன்றையும் விட்டுவிட்டு ஒருதரம் பழக்கிப் பார்த்ததாகவும் அன்று போனில் சொன்னீர்கள், இருட்டே வரவில்லை, பால்மா விளம்பரம் மாதிரி வருகிறது என்று சிரித்தீர்கள். ஆக, அவளுடைய இருட்டு வேண்டும், அவள் மட்டும் வேண்டாம்.

உம்மாவுக்கு எல்லாம் சொன்னேன். உம்மா உங்கள் பக்கம்தான். ஆம்பிளைப் பிள்ளை, தனிய அந்நிய நாட்டில் கிடந்து என்னதான் செய்வான், கோபிக்காதே என்கிறா. நேற்று பார்சல் சாமான் கேட்டு வந்த ஜெமீலிடம், நீங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில்தானே இருந்தீர்கள், பிள்ளை போன அன்றிரவு அவர் எப்படி இருந்தார் என்று கேட்டேன். ஜெமீல் முதலில் மழுப்பினார். விடாமல் கேட்கவும் சொன்னார். நீங்கள் பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு விடியும்வரை வெளியே வரவில்லையாம். தட்டினால், வயிறு சரியில்லை என்றீர்களாம். ஒரு கிழமை சாப்பிடவில்லையாம், சம்பளத்தையும் வெட்டினார்களாம். எனக்கு இரக்கம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். எழும்பி உள்ளே போய்விட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த கோபம் முந்தின கோபத்தைவிடப் பெரிது. அதை எனக்குச் சொல்லியிருந்தால் என்ன? அழுகிற சத்தம் எனக்குக் கேட்டுவிடும் என்றா தண்ணீரைத் திறந்துவிட்டீர்கள்? இரண்டு வீட்டில், இரண்டு நாட்டில் இருந்துகொண்டு ஒரே பிள்ளைக்காக ஆளுக்கொரு பக்கம் ஒளித்து ஒளித்து அழுதிருக்கிறோம், என்ன குடும்பம் இது?

நீங்கள் வீட்டோடு வருவதில் எனக்கு ஆசை இல்லாமலா? பின்னேரம் யார் வீட்டுக் கேட் திறந்தாலும் எட்டிப் பார்க்கிறவள்தான் நான். கொம்பியூட்டர் மேசையில் ஒரு பக்கத்தை உங்களுக்கென்று வெறுமையாகத்தான் விட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அவளை அழித்துக் கொடுத்து அந்தக் காசில் டிக்கட் போட்டு வருவதென்றால் வரவேண்டாம். இது என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு, வாசலில் நானே நின்று மறிப்பேன். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நான் எதையும் அழிக்க மாட்டேன். நீங்கள்தான் செய்ய வேண்டும். முதலில் அந்தப் பக்கத்தை இணையத்தில் இருந்து இறக்குங்கள். எடுத்தவன் எடுத்ததுதான், இனிப் பிடிக்க ஏலாது என்பது எனக்கும் தெரியும், இனியாவது எடுக்காமல் இருக்கட்டும். அந்தக் கண் வைத்த ஸ்டிக்கரை ஏற்றியவனுக்கு எழுதி, அது யாருடைய பிள்ளை என்று சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்ல ஏலாதென்றால் ஆங்கிலத்திலாவது எழுதுங்கள், அது உங்களுக்கு நன்றாக வரும். ஜேர்மனிக்காரனுக்கு இல்லை என்று சொல்லுங்கள். என் வேலைப் படங்களை வைத்து நாளைக்கு என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்பதை நீங்கள் என் முன்னால் வந்து இருந்து கேளுங்கள், கதைக்கலாம்.

பிறகு அந்தப் பாய்ப் படத்தைத் திறந்து, 'இரவு' என்று எழுதியதை எடுத்துவிட்டு, அதில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். எந்த மெஷினுக்கும் கொடுப்பதற்கு இல்லை, எனக்கு அனுப்புவதற்கு. ஒரு வரி போதும்.

எழுத வெளிக்கிட்டால் அவளுடைய பேர் உங்களுக்குத் தேவைப்படும். உம்மாவும் நானும் பேர் வைத்துத்தான் அனுப்பினோம். உம்மா அவள் காதுக்குள் மூன்றுதரம் சொன்னா, பிறகுதான் ஆமினா உம்மா குளிப்பாட்டினா. ரோட்டால் போன நாலு ஆம்பிளைகளுக்கும் அந்தப் பேர் தெரியும், மௌலவிக்குத் தெரியும், உங்களைப் பெற்ற மாமிக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. நீங்கள் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன், எழுதினால் வாசித்துவிட்டு மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவீர்கள், எனக்கு உங்களைத் தெரியும்.

போன் எடுங்கள். சுகமா, சாப்பிட்டாயா என்று தொடங்க வேண்டாம். மகளுக்கு என்ன பேர் வெச்ச என்று கேளுங்கள். அதைக் கேட்கிற நாவை அல்லாஹ் உங்களுக்குத் தரட்டும். நீங்கள் அழுதால் நான் லைனில் நிற்பேன், எவ்வளவு நேரமானாலும் நிற்பேன், தண்ணீரை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா,
ஹுஸ்னியா.